டெண்டர் ஆவணத்தில் யாரும் படிக்காத பத்தி

மஞ்சக்குப்பத்தில் அரசு வேலை எடுக்கும் காண்ட்ராக்டரிடம் கேட்டால், ஈஎம்டி என்ற முன்வைப்புத் தொகை எந்தப் பக்கம், கடைசித் தேதி எந்தப் பக்கம் என்று ஆவணத்தைத் திறக்காமலே சொல்வார். ஆனால் அதே ஆவணத்தின் பின்பகுதியில், ஆன்லைனில் எப்படிப் பதிவேற்றுவது என்ற குறிப்புகளுக்கு நடுவே ஒரு பத்தி உண்டு. தமிழ்நாட்டு டெண்டர் தளமும் புதுச்சேரி டெண்டர் தளமும் மத்திய அரசின் தேசியத் தகவலியல் மையமான என்ஐசி எழுதிய ஒரே மென்பொருளில் ஓடுவதால், கடலூர் வேலைக்கும் வில்லியனூர் வேலைக்கும் அந்தப் பத்தி பெரும்பாலும் ஒன்றேதான். அதன் சாரம் இது: நீங்கள் ஏற்றும் ஒவ்வொரு கோப்பும், கணினி அந்த நேரத்தில் உருவாக்கும் ஒரு சமச்சீர் சாவியால் (பூட்டவும் திறக்கவும் ஒரே சாவி) பூட்டப்படும். அந்தச் சாவி, டெண்டரைத் திறக்கும் அதிகாரிகளின் பொதுச் சாவிகளால் மறுபடியும் பூட்டப்படும்.

பொதுச் சாவி மறையாக்கம் என்ற பாடத்தில் பாதி இந்த இரண்டு வாக்கியங்களுக்குள் அடக்கம். மீதிப் பாதி உங்கள் டிஎஸ்சி டோக்கனில், அதாவது டிஜிட்டல் ஒப்பச் சான்றிதழ் உள்ள யூஎஸ்பி கருவியில், இருக்கிறது. இரண்டையும் பிரித்துப் பார்ப்போம்.

முதலில் பொதுச் சாவி. திருவந்திபுரம் தேவநாத சுவாமி கோயில் உண்டியலை நினைத்துக்கொள்ளுங்கள். காசு போட யாருக்கும் அனுமதி வேண்டாம், சாவி வேண்டாம், வாய் திறந்தே இருக்கிறது. போட்டதை எடுக்க மட்டும் சாவி வேண்டும், அதற்குரியவர்கள் வந்தாக வேண்டும். போட்ட பக்தராலேயே தன் காசைத் திரும்ப எடுக்க முடியாது. பொதுச் சாவி என்பது அந்த உண்டியல் வாய், தனிச் சாவி என்பது அதிகாரி கையில் இருப்பது. உவமை இவ்வளவு தூரம்தான் வரும். கையொப்பம் என்று வரும்போது உண்டியல் உதவாது, அதற்குக் கணக்குக்குத்தான் போக வேண்டும்.

பூட்டும் சாவியும் திறக்கும் சாவியும் வேறாக இருக்கலாம் என்ற கருத்தை 1976இல் டிஃபியும் ஹெல்மனும் வெளியிட்டார்கள். 1977இல் ரிவெஸ்ட், ஷமீர், ஏடல்மன் மூவரும் அதற்கு ஒரு நடைமுறைக் கணக்கைக் கண்டுபிடித்தார்கள். மூவர் பெயரின் முதலெழுத்துகள்தான் ஆர்எஸ்ஏ. பிரிட்டிஷ் உளவு நிறுவனத்தில் கிளிஃபர்ட் காக்ஸ் 1973லேயே இதே முறையைக் கண்டுபிடித்து எழுதி வைத்திருந்தார் என்பது 1997இல்தான் வெளியே தெரிந்தது. இன்று விற்கும் டிஎஸ்சிகளில் பெரும்பாலும் இருப்பது 2048 பிட் ஆர்எஸ்ஏ.

அதைச் சின்ன எண்ணில் போட்டுப் பார்க்கலாம். பஸ் டிக்கெட் பின்புறம் போதும். 3, 11 என்ற இரண்டு பகா எண்களை எடுத்துப் பெருக்கினால் 33. இரண்டிலும் ஒன்றைக் குறைத்துப் பெருக்கினால், 2 × 10 = 20. இப்போது பெருக்கி 20ஆல் வகுத்தால் மீதி 1 வருகிற மாதிரி இரண்டு எண்கள் வேண்டும். 3, 7 சரிவரும், 21இல் 20 போக 1. பொதுச் சாவி: 3, 33. தனிச் சாவி: 7, 33. இனி முதலில் எடுத்த பகா எண்கள் 3, 11 இரண்டையும் அந்த 20ஐயும் எழுதிய இடத்தை அழித்துவிட வேண்டும்.

அனுப்ப வேண்டிய எண் 7 என்று வைப்போம் (தனிச் சாவியிலும் 7 இருப்பது தற்செயல்). பொதுச் சாவியால் பூட்டுவது: 7ஐ மூன்று முறை பெருக்கினால், அதாவது 7 × 7 × 7, 343. அதை 33ஆல் வகுத்தால் மீதி 13. அனுப்புவது இந்த 13. தனிச் சாவி வைத்திருப்பவர் 13ஐ ஏழு முறை பெருக்குகிறார், 6,27,48,517. 33ஆல் வகுத்த மீதி 7. செய்தி திரும்பி வந்துவிட்டது.

வழியில் 13ஐப் பார்த்தவருக்கு 3, 33 இரண்டும் தெரியும், ஏனென்றால் அவை பொது. அவருக்கு 7 என்ற தனிச் சாவி வேண்டுமென்றால் 20 தெரிய வேண்டும். 20 தெரிய 33ஐக் காரணிப்படுத்த வேண்டும். 33ஐப் பள்ளிப் பிள்ளை பிரித்துவிடும். 2048 பிட் எண்ணுக்கு 617 இலக்கம். வெளியே தெரிந்தவரை ஆர்எஸ்ஏ சவால் எண்களில் இதுவரை உடைந்த பெரியது 250 இலக்க எண், 2020 பிப்ரவரியில். அதற்குச் செலவான கணினி உழைப்பு, ஒரே ஒரு பிராசஸர் கோர் ஓடியிருந்தால் சுமார் 2700 ஆண்டு. 250க்கே அப்படி. ஆக இந்தப் பூட்டின் பலம் கணக்கு ரகசியமாக இருப்பதில் இல்லை. கணக்கு எல்லாருக்கும் தெரியும், திருப்பிப் போடத்தான் முடியவில்லை.

இங்கே ஒரு பொறி. மேலே போட்ட கணக்கில் 7ஐ எத்தனை முறை பூட்டினாலும் 13தான் வரும். டெண்டர் ரேட்டை இப்படி வெறுமனே பூட்டினால் என்ன ஆகும்? போட்டிக்காரர் பூட்டிய எண்ணைப் பார்த்துவிட்டால் போதும், திறக்கவே வேண்டாம். 48 லட்சம், 48 லட்சத்து ஆயிரம் என்று ஒவ்வொரு ரேட்டாக, எல்லாருக்கும் தெரிந்த பொதுச் சாவியால் தானே பூட்டிப் பார்ப்பார். எது பொருந்துகிறதோ அதுதான் உங்கள் ரேட். அதனால்தான் நிஜத்தில் செய்தியோடு ஒவ்வொரு முறையும் புதிய சீரற்ற எண்களைக் கலந்து பிறகு பூட்டுகிறார்கள். பேடிங் என்று பெயர். பாடப்புத்தக ஆர்எஸ்ஏவை அப்படியே நிரலாக எழுதி ‘என்க்ரிப்ஷன் போட்டாச்சு’ என்று சொல்லும் கல்லூரி ப்ராஜெக்டுகள் எல்லாம் இந்த இடத்தில் விழும்.

சரி, அதிகாரியின் பொதுச் சாவியாலேயே கோப்பு முழுவதையும் பூட்டிவிடலாமே, நடுவில் எதற்கு இன்னொரு சாவி? இடம் போதாது என்பதுதான் பதில். 2048 பிட் என்றால் 256 பைட். இன்று பரிந்துரைக்கப்படும் பேடிங்கை எஸ்எச்ஏ-256 என்ற கணக்கோடு (அது என்ன என்று பின்னால் வரும்) பயன்படுத்தினால் அதற்கு 66 பைட் போய்விடும், செய்திக்கு மிஞ்சுவது 190. தமிழில் ‘கடலூர்’ என்ற சொல் யூனிகோடில் 18 பைட். இடைவெளி விட்டுப் பத்து முறை எழுதினால் 189. அவ்வளவுதான், பெட்டி நிறைந்துவிட்டது. ரேட்டை நிரப்பும் எக்செல் பட்டியலான பிஓக்யூ ஒன்றே சில நூறு கேபி இருக்கும். துண்டு துண்டாக வெட்டிப் பூட்டலாம்தான், ஆனால் ஆர்எஸ்ஏ மெதுவானது.

ஆகவே வேலையைப் பிரிக்கிறார்கள். ஒரு முறை மட்டும் பயன்படும் சீரற்ற சாவி ஒன்றைக் கணினி உருவாக்கும். ஏஇஎஸ் என்ற சமச்சீர் முறையின் சாவி என்றால் 16 அல்லது 32 பைட்தான். பூட்டவும் திறக்கவும் அதே சாவி, வேகம் அதிகம், கோப்பு எவ்வளவு பெரிதானாலும் சரி. கோப்பை அதனால் பூட்டிவிட்டு, அந்த 32 பைட்டை மட்டும் அதிகாரியின் பொதுச் சாவியால் பூட்டினால் 190க்குள் தாராளமாக அடங்கும். அதிகாரிகள் பலர் இருந்தால் கோப்பு ஒரே பிரதிதான், சின்னச் சாவியை மட்டும் ஒவ்வொருவருக்கும் பூட்டினால் போதும். டெண்டர் ஆவணத்தின் அந்தப் பத்தி சொல்வது இதைத்தான். ரேட்டைத் திறக்கும் நாளில் அதிகாரிகள் டோக்கனைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து உட்காருவதும் இதனால்தான். சர்வர் வைத்திருப்பவரிடம் கோப்பு இருக்கும், திறக்கும் சாவி இருக்காது.

இனிக் கையொப்பம். மேலே போட்ட கணக்கைத் தலைகீழாகப் போடுங்கள். 7 என்ற செய்தியை உரியவர் தன் தனிச் சாவியால் ஏழு முறை பெருக்குகிறார், 8,23,543. 33ஆல் வகுத்த மீதி 28. ‘செய்தி 7, ஒப்பம் 28’ என்று இரண்டையும் அனுப்புகிறார். வாங்கியவர் 28ஐப் பொதுச் சாவியால் மூன்று முறை பெருக்குகிறார், 21,952. மீதி 7. செய்தியோடு பொருந்துகிறது. நடுவில் ஒருவர் செய்தியை 8 ஆக்கியிருந்தால் பொருந்தாது, 8க்கு ஏற்ற ஒப்பத்தை உருவாக்கத் தனிச் சாவி வேண்டும். பொதுச் சாவி எல்லாரிடமும் இருப்பதால் யார் வேண்டுமானாலும் சரிபார்க்கலாம், உரியவர் மட்டுமே போட முடியும். இதில் ரகசியம் எதுவும் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். செய்தி வெட்டவெளிச்சமாகப் போகிறது. ‘டிஜிட்டல் சைன் போட்டிருக்கு, யாரும் படிக்க முடியாது’ என்று சொல்பவரிடம் சம்பள விவரக் கோப்பைக் கொடுக்காதீர்கள்.

முழு ஆவணத்துக்கும் ஒப்பம் போட இடப் பிரச்சினை மறுபடி வரும். அதற்கு ஹேஷ். எவ்வளவு பெரிய கோப்பானாலும் எஸ்எச்ஏ-256 அதை 32 பைட் சாறாகப் பிழிந்துவிடும். ஒரு கமாவை மாற்றினாலும் சாறு முழுக்க மாறிவிடும். ஒப்பம் விழுவது அந்தச் சாற்றின் மேல்.

இதுவரை எல்லாம் கணக்கு, கணக்கில் சந்தேகமில்லை. சந்தேகம் வருவது அடுத்த கேள்வியில். இந்தப் பொதுச் சாவி யாருடையது? சாவி என்பது வெறும் எண், அதில் யார் பெயரும் பொறித்திருக்காது. நான் ஒரு சோடி சாவியை உருவாக்கி ‘இது கடலூர் வட்டாட்சியர் சாவி’ என்று சொன்னால் கணக்கு மறுக்காது. பெயரையும் சாவியையும் சேர்த்துக் கட்டி, கட்டினவர் தன் ஒப்பத்தைப் போட்ட காகிதம் ஒன்று வேண்டும். சான்றிதழ் அதுதான். எக்ஸ்.509 என்ற வடிவம், 1988இல் வந்தது. உள்ளே இருப்பது: யாருடையது, யார் வழங்கியது, வரிசை எண், எந்தத் தேதியிலிருந்து எதுவரை, பொதுச் சாவி, எந்த வேலைக்குப் பயன்படுத்தலாம், கடைசியில் வழங்கியவரின் ஒப்பம். தனிச் சாவி இதில் இல்லை. அதனால் சான்றிதழை யாருக்கு வேண்டுமானாலும் அனுப்பலாம், கெடுதல் ஒன்றுமில்லை.

இந்திய டிஎஸ்சி சான்றிதழில் பெயர், மாநிலம், பின்கோடு எல்லாம் இருக்கும். பான் எண் அப்படியே இருக்காது, அதன் ஹேஷ் இருக்கும். மாநிலம் என்ற இடத்தில் தமிழ்நாடு என்றிருந்தால் புதுச்சேரி டெண்டருக்குச் செல்லாதோ என்று கேட்பவர்கள் உண்டு. செல்லும். அது முகவரிதான், எல்லை அல்ல. கடலூரில் ஒரு கிளை, புதுச்சேரியில் ஒரு கிளை என்று வைத்திருக்கும் நிறுவனத்துக்கு ஜிஎஸ்டி பதிவு தமிழ்நாட்டுக் குறியீடான 33இல் ஒன்று, புதுச்சேரிக் குறியீடான 34இல் ஒன்று என்று இரண்டு வேண்டும். கையெழுத்து அதிகாரி ஒருவரே என்றால் டோக்கன் ஒன்று போதும், இரண்டு பதிவிலும் அதையே இணைக்கலாம்.

நம் பக்கத்தில் உண்மையாகவே சிக்குவது இனிஷியல். வாழ்நாள் முழுக்க ‘எஸ். குமார்’ என்று எழுதியவருக்குப் பான் அட்டையில் அப்பா பெயர் முழுதாகக் கடைசியிலோ முதலிலோ வந்திருக்கும். ஆதாரில் இனிஷியல் பின்னால் இருக்கும். டிஎஸ்சி விண்ணப்பத்தைப் பான் பெயரில் போட வேண்டும். கணக்கு தணிக்கை, கம்பெனிப் பதிவு, வருமான வரி எல்லாத் தளங்களும் சான்றிதழில் உள்ள பெயரையோ பான் ஹேஷையோ தங்களிடம் உள்ளதோடு ஒப்பிடும். ஒரு புள்ளி, ஓர் இடைவெளி மாறினாலே சில தளங்கள் ஏற்காது. வழங்கிய சான்றிதழில் பெயரைத் திருத்த வழியே கிடையாது, திருத்தினால் வழங்கியவரின் ஒப்பம் உடைந்துவிடும். புதிதாக வாங்க வேண்டும். எனவே காசு கட்டுவதற்கு முன் பான், ஆதார், அந்தத் தளத்தின் ப்ரொஃபைல் மூன்றையும் பக்கத்தில் வைத்து எழுத்தெழுத்தாகப் பாருங்கள்.

வழங்கியவரை யார் நம்புவது? அவருக்கும் ஒரு சான்றிதழ் உண்டு, அதை அவருக்கு மேலே இருப்பவர் வழங்கியிருப்பார். இப்படி ஏறிக்கொண்டே போனால் ஓரிடத்தில் நிற்கும். இந்தியாவில் தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000இன் கீழ் அமைந்த சிசிஏ என்ற கட்டுப்பாட்டு அலுவலகம்தான் அந்த உச்சி. இமுத்ரா, என்கோட், காப்ரிகார்ன், சி-டாக் போன்ற உரிமம் பெற்ற நிறுவனங்கள் அதன் கீழே. உச்சிச் சான்றிதழில் வழங்கியவரும் பெற்றவரும் ஒருவரே, தனக்குத்தானே ஒப்பம் போட்டுக்கொண்டது. அதைக் கணக்கால் நிரூபிக்க முடியாது. நம்பித்தான் ஆக வேண்டும், அல்லது வேறு வழியில் சரிபார்க்க வேண்டும்.

அந்த நம்பிக்கை ஆட்டம் கண்ட வரலாறும் உண்டு. 2014 ஜூலையில், கூகுளின் முகவரிகளுக்கு அனுமதியின்றிச் சான்றிதழ்கள் வழங்கப்பட்டிருப்பது தெரிந்தது. வழங்கியது என்ஐசியின் சான்றளிப்புப் பிரிவு, உச்சியில் சிசிஏ. விண்டோஸ் அந்த உச்சியை நம்பியதால் விண்டோஸில் ஓடும் குரோம் உட்படப் பல மென்பொருள்கள் அவற்றை ஏற்கும் நிலையில் இருந்தன. பிறகு அந்தச் சான்றிதழ்கள் ரத்தாகின, குரோம் அந்த உச்சியை இந்திய அரசு முகவரிகள் உள்ளிட்ட சிலவற்றுக்கு மட்டும் என்று சுருக்கியது. ஃபயர்பாக்ஸ் அந்த உச்சியைத் தன் பட்டியலில் வைத்திருக்கவில்லை, அதனால் அதற்குப் பாதிப்பில்லை. கணக்கு எங்கேயும் உடையவில்லை. பெயரைக் கட்டுகிற இடத்தில்தான் ஓட்டை.

இதே காரணத்தால்தான் இ-ஆதாரையோ இ-சேவை மையத்தில் வாங்கிய சான்றிதழையோ அடோபி ரீடரில் திறந்தால் மஞ்சள் கேள்விக்குறி வருகிறது. ஆவணம் போலி என்று அதற்கு அர்த்தமில்லை. ஒப்பம் கணக்குப்படி சரியாக இருக்கலாம், ஆனால் சங்கிலியின் உச்சியை ரீடருக்குத் தெரியாது என்றுதான் சொல்கிறது. கேள்விக்குறியை வலது சொடுக்கி, சிக்னேச்சர் ப்ராபர்ட்டீஸ், பிறகு ஷோ சைனர்ஸ் சர்ட்டிஃபிகேட், பிறகு ட்ரஸ்ட், ஆட் டு ட்ரஸ்டட் சர்ட்டிஃபிகேட்ஸ், ஓகே, மறுபடி வேலிடேட். பச்சை டிக் வந்துவிடும். எல்லா பிரவுசிங் சென்டரிலும் இதைத்தான் செய்கிறார்கள்.

செய்முறை சரி, ஆனால் செய்கிற விதம் தவறு. கண்ணில் படுகிற சான்றிதழை நம்பச் சொன்னால், வட்டாட்சியர் பெயரில் ஒருவர் வீட்டுக் கணினியில் உருவாக்கிய சான்றிதழுக்கும் அதே பச்சை டிக் வரும். ரீடருக்கு இரண்டும் ஒன்றுதான், நம்பச் சொன்னது நீங்கள். சான்றிதழ் ஜன்னலின் இடப்பக்கத்தில் சங்கிலி வரிசையாகத் தெரியும். அதில் மேலே ஏறி, ‘சிசிஏ இந்தியா’ என்று ஆண்டோடு இருக்கும் உச்சியைத் தேர்ந்தெடுங்கள். டீடெய்ல்ஸ் பக்கத்தில் அதன் கைரேகை எண், அதாவது அந்தச் சான்றிதழின் ஹேஷ், இருக்கும். சிசிஏ தளத்தில் வெளியிட்ட உச்சிச் சான்றிதழின் கைரேகையோடு அதை ஒப்பிட்டுவிட்டு, உச்சியை மட்டும் நம்பிக்கைப் பட்டியலில் சேருங்கள். ஒருமுறை செய்தால் போதும், அதன் கீழ் வரும் உண்மையான ஒப்பங்கள் தானாகப் பச்சையாகும், போலிகள் மஞ்சளிலேயே நிற்கும். மஞ்சள் நின்றால்தான் அந்தப் பச்சைக்கு மதிப்பு.

ஒப்பம் பிடிஎஃப் கோப்பின் பைட்களில் இருக்கிறது, பக்கத்தில் தெரியும் டிக் படத்தில் இல்லை. அதனால் பிரிண்ட் எடுத்தால் ஒப்பம் போச்சு, காகிதத்தில் மிஞ்சுவது படம். பிரிண்ட் டு பிடிஎஃப் கொடுத்தாலும் போச்சு. வேலை விண்ணப்பத் தளம் 200 கேபிக்குள் கேட்கிறதே என்று ஆன்லைனில் சுருக்கினாலும், இரண்டு பிடிஎஃபை ஒட்டினாலும் போச்சு. வாட்ஸ்அப்பில் டாக்குமென்டாக அனுப்பினால் பைட் மாறாது. ஸ்கிரீன்ஷாட்டாக அனுப்பினால் எதுவும் மிஞ்சாது. இறக்கிய மூலக் கோப்பைத் தொடாமல் தனியாக ஒரு ஃபோல்டரில் வைத்துக்கொண்டு, மற்ற வித்தைகளைப் பிரதியில் செய்வதே வழி.

இணையதளச் சான்றிதழ் பற்றிச் சுருக்கமாக, ஏனென்றால் அங்கே வேலை பெரும்பாலும் தானியங்கி. புதுச்சேரியில் நான்கு அறை வைத்து விடுதி நடத்துபவர்கூட லெட்ஸ் என்க்ரிப்ட் என்ற சான்றளிப்பு அமைப்பில் இலவசமாக 90 நாள் சான்றிதழ் வாங்கலாம். அது சொல்வது ஒன்றே ஒன்று: இந்த முகவரியைக் கட்டுப்பாட்டில் வைத்திருப்பவரிடம் இந்தச் சாவி இருக்கிறது. விடுதி நல்லதா, முன்பணம் திரும்ப வருமா என்பதெல்லாம் அதன் வேலை இல்லை. மோசடித் தளத்துக்கும் அதே சான்றிதழ் கிடைக்கும். பூட்டுப் படத்தைப் பார்த்து மக்கள் ஏமாறுவதால்தான் குரோம் 2023இல் அந்தப் படத்தையே எடுத்துவிட்டது.

அடிக்கடி வரும் கோளாறுகள் மூன்று. முதலாவது, புதுப்பித்த சான்றிதழ் டிஸ்கில் இருக்கும், ஆனால் வெப் சர்வரை ரீலோடு செய்யாததால் பழையதையே கொடுத்துக்கொண்டிருக்கும். இரண்டாவது, உச்சிக்கும் தளத்தின் சான்றிதழுக்கும் நடுவே உள்ள இடைநிலைச் சான்றிதழைச் சேர்த்துக் கொடுக்காமல் விடுவது. கணினி குரோமில் தளம் நன்றாகத் திறக்கும், அது விடுபட்டதைத் தானே தேடிக்கொள்ளும். ஆண்ட்ராய்டு செயலியோ பேமென்ட் சர்வரோ இணைய மறுக்கும். ‘என் கம்ப்யூட்டர்ல வருதே’ என்பது இங்கே ஆதாரம் ஆகாது. மூன்றாவது, பூட்டில்லாத http இணைப்பு வரும் வழியான போர்ட் 80ஐப் பாதுகாப்பு என்று அடைத்துவிடுவது. அந்தப் போர்ட் வழியாகச் சரிபார்க்கும் முறையில் வாங்கியிருந்தால் அடுத்த புதுப்பிப்பு தோற்கும். கையால் புதுப்பிப்பவர்களுக்கு இனிக் கஷ்டகாலம்: எந்த நிறுவனம் வழங்கினாலும் உச்ச ஆயுள் 2026 மார்ச் 15 முதல் 200 நாள், 2027 மார்ச் 15 முதல் 100, 2029 மார்ச் 15 முதல் 47 என்று குறைப்பதாக முடிவாகியிருக்கிறது. லெட்ஸ் என்க்ரிப்ட் காலாவதி நினைவூட்டல் மெயிலையும் 2025 ஜூனில் நிறுத்திவிட்டது.

இப்போது டோக்கன். இதைத்தான் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும்.

டிஎஸ்சி வாங்கும்போது பான், ஆதார், மொபைல் ஓடிபி, மெயில், சின்ன வீடியோப் பதிவு எல்லாம் முடிந்த பிறகு ‘டவுன்லோட்’ என்று ஒரு கட்டம் வரும். பெயர்தான் டவுன்லோட். உண்மையில் அப்போது டோக்கனுக்குள் இருக்கும் சில்லு ஒரு சோடி சாவியை உருவாக்கி, பொதுச் சாவியை மட்டும் வெளியே அனுப்புகிறது. நிறுவனம் அதில் பெயரைக் கட்டிச் சான்றிதழாகத் திருப்பித் தருகிறது. தனிச் சாவி சில்லை விட்டு வெளியே வராது, காப்பி எடுக்கவும் முடியாது. ஒப்பம் போடும்போது கணினி ஹேஷை உள்ளே அனுப்பும், கணக்கு உள்ளேயே நடக்கும், விடை மட்டும் வெளியே வரும். அதனால் இந்தக் கட்டத்தில் ஒரே ஒரு டோக்கன்தான் செருகியிருக்க வேண்டும், டிரைவர் முன்பே நிறுவியிருக்க வேண்டும், நடுவில் பிரவுசரை மூடக்கூடாது. முடிந்ததும் சான்றிதழைத் திறந்து, ஜெனரல் பக்கத்தின் அடியில் சின்னச் சாவிப் படத்தோடு ‘இதற்குரிய தனிச் சாவி உங்களிடம் இருக்கிறது’ என்று பொருள்படும் ஆங்கில வரி வருகிறதா பாருங்கள். வராவிட்டால் சான்றிதழ் வந்திருக்கிறது, சாவி சேரவில்லை. டோக்கனைப் பிடுங்கிய பிறகும் சில கணினிகளில் பெயர் பட்டியலில் தெரியும். அது சான்றிதழின் பிரதிதான். அதை வைத்து ஒப்பம் போட முடியாது.

அடுத்து, டோக்கனைப் பயன்படுத்தும்போது அடிக்கும் ரகசிய எண்ணான பின் (PIN) எண். பெட்டியோடு வரும் ஆரம்ப எண்ணை உடனே மாற்றுங்கள். தவறாகப் பலமுறை அடித்தால் டோக்கன் பூட்டிக்கொள்ளும். சில டோக்கன்களில் நிர்வாகி எண் கொண்டு திறக்கலாம். அதுவும் இல்லையென்றால் இனிஷியலைஸ் ஒன்றுதான் வழி, அது உள்ளே உள்ள எல்லாச் சாவியையும் அழித்துவிடும். பென்டிரைவ் என்று நினைத்து ஃபார்மேட் பட்டனைத் தேடுபவர்களுக்கும் அதே முடிவு. கடலோரம் என்பதால் இன்னொன்று: உப்புக் காற்றில் யூஎஸ்பி முனை மங்கிவிடும். ‘டோக்கன் நாட் ஃபவுண்ட்’ என்று வந்தால் டிரைவரைத் திட்டுவதற்கு முன் முனையை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்துப் பாருங்கள்.

ஒப்பச் சான்றிதழும் என்க்ரிப்ஷன் சான்றிதழும் வேறு வேறு. சில டெண்டர் தளங்களில் இரண்டும் வேண்டும், விற்பவர்கள் ‘காம்போ’ என்பார்கள். ஒப்பச் சாவி தொலைந்தால் நஷ்டம் பணம்தான். புதிது வாங்கலாம், பழைய ஒப்பங்கள் பொதுச் சாவியால் சரிபார்க்கப்படுபவை, அவை நிற்கும். என்க்ரிப்ஷன் சாவி தொலைந்தால் அதனால் பூட்டிய எதுவும் திரும்பாது. புதிய சான்றிதழ் உங்கள் பெயரிலேயே இருந்தாலும் சாவி வேறு. ரினியூவல் என்றாலும் வருவது புதிய சோடிதான். எனவே காலாவதியான என்க்ரிப்ஷன் சான்றிதழை ‘எக்ஸ்பைரி ஆயிடுச்சு’ என்று அழித்துவிடாதீர்கள், பூட்டிய கோப்புகளுக்கு வேலை இருக்கும்வரை அந்த டோக்கன் இருக்கட்டும். தேதி முடிந்தது சான்றிதழுக்குத்தான், கணக்கு தேதி பார்ப்பதில்லை.

எங்கள் பக்கம் எல்லாருக்கும் தெரிந்த வழக்கம் ஒன்று உண்டு. ஆடிட்டர் ஆபீஸ் மேசை டிராயரில் முப்பது நாற்பது டோக்கன், ஒவ்வொன்றின் முதுகிலும் ஸ்டிக்கர், ஸ்டிக்கரில் கம்பெனி பெயரும் பின் எண்ணும். சௌகரியம்தான். ஆனால் ஒப்பக் கணக்கில் ‘போட்டது யார்’ என்பதற்கு இடமே இல்லை, ‘எந்தச் சாவி’ என்பது மட்டும்தான். அந்த டிராயரைத் திறப்பவர் எவரோ அவர்தான் அன்றைக்கு நீங்கள். சட்டமும் அப்படித்தான் பார்க்கிறது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 42ஆம் பிரிவு, தனிச் சாவியைத் தன் கட்டுப்பாட்டில் வைக்க நியாயமான கவனம் எடுக்கும் கடமையைச் சான்றிதழ் உரியவர் மேல் வைக்கிறது. சாவி கைமாறிவிட்டதென்றால் வழங்கிய நிறுவனத்துக்குத் தாமதமின்றிச் சொல்ல வேண்டும். சொல்லும்வரை பொறுப்பு உரியவருடையதே என்று தெளிவாகவே எழுதியிருக்கிறது. பிறர் ஒப்பத்தை மோசடியாகப் பயன்படுத்துபவருக்கு 66சி பிரிவில் மூன்று ஆண்டு வரை சிறையும் ஒரு லட்சம் வரை அபராதமும் உண்டு. ஆனால் பின் எண்ணை ஸ்டிக்கரில் எழுதிக் கொடுத்த பிறகு மோசடி என்று நிறுவுவது சுலபமல்ல.

டோக்கனை அங்கே வைத்துத்தான் ஆக வேண்டுமென்றால் பின் எண்ணையாவது நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள், ஒப்பம் போடும் நேரத்தில் வந்து அடியுங்கள். கம்பெனியில் இன்னொருவருக்கு அதிகாரம் கொடுக்க முடிந்தால், தீர்மானம் போட்டு அவர் பெயரிலேயே தனி டிஎஸ்சி வாங்குவது இன்னும் நல்லது. அப்போது யார் போட்டது என்பது சான்றிதழிலேயே இருக்கும்.

தொலைந்துவிட்டால் செய்ய வேண்டியது: எந்த நிறுவனம் வழங்கியதோ அதன் தளத்தில் ரிவோக் விண்ணப்பம். பதிவு செய்த மொபைல், மெயில் இரண்டும் வேண்டும். அவை ஆடிட்டர் ஆபீஸ் பையனுடைய எண்ணாக இருந்தால் அங்கேயே நிற்க வேண்டியதுதான், எனவே விண்ணப்பிக்கும்போதே உங்கள் எண்ணைக் கொடுங்கள். சான்றிதழின் வரிசை எண்ணை முன்பே குறித்து வைத்திருந்தால் வேலை விரைவில் முடியும். ரத்தான வரிசை எண் நிறுவனம் வெளியிடும் ரத்துப் பட்டியலில் ஏறும், சரிபார்க்கும் மென்பொருள் அடுத்த முறை அந்தப் பட்டியலை இறக்கும்போதுதான் அதைக் கவனிக்கும். ஆகவே ரத்து கேட்ட அன்றே வருமான வரி, ஜிஎஸ்டி, டெண்டர் தளங்கள் ஒவ்வொன்றிலும் பாஸ்வேர்டையும் மாற்றிவிடுங்கள். புதிய டோக்கன் வந்ததும் ஒவ்வொரு தளத்திலும் பழைய டிஎஸ்சிக்குப் பதில் புதியதைத் தனித்தனியாகப் பதிவு செய்ய வேண்டும், அது தானாக நடக்காது. டெண்டர் கடைசி நாள் மாலை மூன்று மணிக்கு என்றால் காலை பதினொன்றுக்கு இதை ஆரம்பிக்காதீர்கள். அங்கே ஓடுவது உங்கள் கைக்கடிகாரம் அல்ல, சர்வர் நேரம்.